எட்டுக் குழிப் பெட்டி

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை காலை என்றால் தேய்க்கிற நாள். பித்தளைக்குப் புளி, வெண்கலத்துக்குச் சாம்பலும் தேங்காய் நாரும், வெள்ளிக்குத் திருநீறு. அம்மா குத்துவிளக்குகளோடு கொல்லையில் உட்கார்ந்துவிடுவாள். குங்குமச் சிமிழ், சந்தனக் கிண்ணம், பால் டம்ளர் என்று வெள்ளிச் சாமான்கள் என் பங்கு. சிந்தாதிரிப்பேட்டையில் கூவத்துக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. ஆற்று வாடை எங்கள் மூக்குக்குப் பழகிவிட்டிருந்தது, வெள்ளிக்குப் பழகவில்லை. போன வாரம் பளபளவென்று தேய்த்து வைத்தது இந்த வாரம் பழுப்பேறி நிற்கும். அழுக்கு என்றால் தேய்க்க வேண்டும், தேய்த்தால் லட்சுமி வருவாள். பதினோரு வயதில் எனக்குத் தெரிந்த வேதியியல் அவ்வளவுதான்.

1960-ல் அப்படி ஒரு வெள்ளிக்கிழமை அப்பாவின் பீரோ திறந்து கிடந்தது. அடித்தட்டில் ரசீதுக் கட்டுகளுக்குப் பின்னால் சிவப்புத் தோல் போர்த்திய பெட்டி ஒன்று. கொக்கியை நெம்பித் திறந்தேன். மூடியின் உட்புறம் வெளிறிய பட்டு. கீழே வெல்வெட்டில் எட்டுக் குழிகள். பல்லாங்குழி என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் பதினாலு குழி இல்லை, சோழியும் இல்லை. ஒவ்வொரு குழியிலும் ஒரு காசு இருந்தது. பெரியது வெள்ளி ரூபாயைவிடக் கொஞ்சம் அகலம், சின்னது நெற்றிப் பொட்டளவு. எல்லாமே நீலமும் ஊதாவுமாக அழுக்கேறிக் கிடந்தன. அப்பாவுக்கு ஒரு ஆச்சரியம் கொடுக்கலாம் என்று தோன்றியது. பெரியது குழியில் இறுகிப்போயிருந்ததால் இரண்டாவதைத் தோண்டி எடுத்து, திருநீற்றை எச்சில் விரலால் தொட்டு, வட்டம் வட்டமாகத் தேய்த்தேன். பத்து நிமிடத்தில் முகம் பார்க்கலாம் போல ஆகிவிட்டது. அதற்குள் அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். மற்ற ஏழும் தப்பித்தது அவள் புண்ணியம்.

சாயங்காலம் அப்பா அதை ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். திட்டவில்லை. விளிம்பை மட்டும் பிடித்து அதே குழியில் வைத்து மூடினார். “கூடவே இருக்கட்டும் பாப்பா. மத்ததுங்க பக்கத்துல இருந்தா இதுக்கும் நிறம் வந்துடும்” என்றார்.

அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அந்தப் பேச்சு உண்மையா என்று சோதித்துக்கொண்டிருக்கிறேன்.

*

அப்பா ஒரு வங்கியில் ஷராப். இன்றைக்கு அந்த வேலையின் பெயரே பலருக்குத் தெரியாது. கவுன்டருக்கு வரும் ரூபாயைக் கல்லில் சுண்டிப் போட்டு, எழும் ஓசையை வைத்து நல்லது கெட்டது சொல்கிறவர். 1940-ல் ரூபாயில் வெள்ளி பாதியாகக் குறைந்தது, 1947-ல் நிக்கல் ரூபாய் வந்தது, அவர் காதுக்கு வேலை போய்விட்டது. கண்ணுக்கு மட்டும் மிச்சம் இருந்தது. 1956-ல் ஊருக்குப் புறப்பட்ட வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் தன் பங்களாச் சாமான்களை விற்றபோது மற்றவர்கள் மேஜையும் நாற்காலியும் எடுத்துவந்தார்கள். அப்பா நாற்பத்தைந்து ரூபாய் கொடுத்து இந்தப் பெட்டியோடு வந்தார். அந்த மாதம் வீட்டில் நடந்த சண்டை எனக்கு நினைவிருக்கிறது.

அது 1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் முடிசூடியபோது லண்டன் ராயல் மின்ட் வெளியிட்ட வெள்ளி ப்ரூஃப் செட். அரை கிரவுன், ஃபுளோரின், ஷில்லிங், ஆறு பென்ஸ். அவற்றுக்குக் கீழே நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று மாண்டி பென்ஸ் நான்கு. ஈஸ்டருக்கு முந்தைய வியாழக்கிழமை அரசர் தன் வயதின் எண்ணிக்கைக்கு ஏற்ப முதியவர்களுக்குத் தோல் பையில் போட்டுக் கொடுக்கும் குட்டிக் காசுகள்தாம் மாண்டி. நான் தேய்த்தது ஃபுளோரின், அதாவது இரண்டு ஷில்லிங்: பவுனில் பத்தில் ஒரு பங்கு. பிரிட்டிஷ் நாணயத்தைப் பத்தின் மடங்குக்குக் கொண்டுபோகும் முதல் அடியாக 1849-ல் கொண்டுவரப்பட்ட காசு அது. அந்த நடையை முடிக்க அவர்களுக்கு 1971 வரை ஆயிற்று.

ப்ரூஃப் என்ற சொல்லின் தொடக்கம் நம் அச்சகங்களில் ப்ரூஃப் பார்ப்பதைப் போன்றதுதான். புது அச்சு சரியாக விழுகிறதா என்று பார்க்க, மெருகேற்றிய வில்லையில் நிதானமாக அடித்துப் பார்த்தார்கள். சரிபார்க்க அடித்தது அழகாக இருந்ததால் அரசருக்கும் அமைச்சருக்கும் பரிசாகப் போயிற்று. பிறகு காசு கொடுக்கிற யாருக்கும் கிடைத்தது. அச்சையும் மெருகேற்றி, வில்லையையும் மெருகேற்றி, ஒரு தடவைக்கு மேல் அடித்து, ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனியே எடுத்து வைப்பார்கள். தரை கண்ணாடி மாதிரி இருக்கும், உருவம் அதன்மேல் பனி படிந்தாற்போல நிற்கும். சந்தைக்குப் போகும் காசு குழந்தை பெற்று வளர்க்கும் காசு என்றால், இது கன்னிமாடத்துக் காசு.

செட்டாகச் சேர்த்துக் கொடுக்கும் வழக்கத்தின் தொடக்கமாக 1746-ஐச் சொல்வார்கள். இரண்டாம் ஜார்ஜின் கிரவுனிலிருந்து ஆறு பென்ஸ் வரை வெள்ளியில் நான்கு. 1826-ல் நான்காம் ஜார்ஜுக்கு ஐந்து பவுன் தங்கத்திலிருந்து செம்பு ஃபார்திங் வரை பதினொன்று. 1831-ல் நான்காம் வில்லியம் முடிசூட்டுக்குப் பதினான்கு. 1839 செட்டில் வில்லியம் வயன் செதுக்கிய ஐந்து பவுன்: இளம் ராணி விக்டோரியா ஒரு சிங்கத்தை வழிநடத்திச் செல்கிறாள். அந்த ஒரு காசுக்காகவே எத்தனையோ செட்டுகள் பிரிக்கப்பட்டன. 1887 பொன்விழாவுக்குத் தங்கமும் வெள்ளியுமாகப் பதினோரு காசு கொண்ட பெட்டிகள் 797. அந்த வருடத்து ஆறு பென்ஸின் பின்பக்கம் அரை சாவரினைப் போலவே இருந்ததால் எத்தர்கள் தங்க முலாம் பூசி மாற்ற ஆரம்பித்தார்கள். அந்த வடிவத்தைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. 1902-ல் ஏழாம் எட்வர்டு முடிசூட்டுக்குக் கண்ணாடித் தரையே இல்லாமல் மணல் பொழிந்த அச்சில் மங்கலாக அடித்தார்கள். பழைய மினுக்கத்தைத் தேடியவர்கள் முகம் சுளித்தார்கள். 1911-ல் கண்ணாடி திரும்பி வந்தது.

அந்த வருடம் மூன்று வகைப் பெட்டி விற்றார்கள். தங்கம் நான்கும் வெள்ளி எட்டும் கொண்ட பன்னிரண்டு காசுப் பெட்டி 2,812. சாவரின், அரை சாவரினோடு பத்துக் காசுப் பெட்டி 952. வெள்ளி எட்டு மட்டும் கொண்டது 2,243. எங்களுடையது அந்த இரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஒன்று. ராஜாவின் முகத்தைச் செய்தவர் மெல்போர்னில் பிறந்த சிற்பி பெர்ட்ரம் மெக்கென்னல். கழுத்து வெட்டில் பி.எம். என்று பொடி எழுத்து இருக்கும். இந்திய ரூபாய்க்கும் அதே கைதான். அதில் ராஜாவுக்குக் கிரீடமும் அங்கியும் உண்டு. அங்கியின் மேலுள்ள மாலையில் ஒரு யானை. துதிக்கை குட்டையாக விழுந்ததில் அது பன்றி போலத் தெரிந்தது. முஸ்லிம் மக்களின் மனம் புண்படவே, வெளிவிட்ட கொஞ்சத்தோடு 1911 ரூபாயை நிறுத்தி, 1912-ல் துதிக்கையை நீட்டினார்கள். அப்பாவின் வங்கியில் அதைப் ‘பன்றி ரூபாய்’ என்றே சொல்வார்களாம். லண்டனில் தலையோடு நின்றதால் எங்கள் பெட்டியின் ராஜாவுக்கு அந்த வம்பு இல்லை.

*

படித்து, வேதியியல் விரிவுரையாளராகி, 1972-ல் முதல் சம்பளம் வாங்கிய பிறகுதான் நான் செய்த காரியம் எனக்கே புரிந்தது.

வெள்ளியின் மேல் படிவது அழுக்கு இல்லை. காற்றில் இம்மியளவு இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடு என்ற படலமாகிறது. கூவத்துக்குப் பக்கத்தில் அந்த வாயுவுக்குப் பஞ்சமில்லை. அழுகிய முட்டையும் ரப்பர் பட்டையும் கம்பளியும் அதையே கொஞ்சம் கொஞ்சமாக விடும். படலம் தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும்போதே நிறம் காட்டத் தொடங்கிவிடும். அந்த நிறம் சாயம் அல்ல. மழைநாளில் ரோட்டில் சிந்திய எண்ணெயில் தெரிவது போல, படலத்தின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் அடியில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றையொன்று கூட்டியும் கழித்தும் காட்டும் வேடிக்கை. ஆகையால் நிறங்கள் வரிசை மாறாமல்தான் வரும். முதலில் வைக்கோல், அடுத்து வெந்தயம், பிறகு அரக்கு, பிறகு கத்திரிப்பூ, அதற்கப்புறம் மயில்கழுத்து, பிறகு வெளிர்நீலம். அதையும் தாண்டினால் மறுபடி மஞ்சளில் தொடங்கி ஒரு சுற்று. இப்படியே தடித்துக்கொண்டு போய்க் கடைசியில் கரி. எந்தப் புத்தகத்திலும் இந்தப் பெயர்கள் இல்லை. பட்டுப் புடவைக் கடையில் கற்ற பெயர்களை வைத்துத்தான் என் மாணவிகளுக்கு மெல்லிய படல ஒளியியல் சொல்லிக்கொடுத்தேன். ஒருத்திகூட மறந்ததில்லை.

சேகரிப்பவர்கள் இதை டோனிங் என்பார்கள். ப்ரூஃப் காசில் அது தனி அழகு. அடியில் கண்ணாடித் தரை இருப்பதால் நிறம் உள்ளிருந்து எரிவது போலத் தெரியும். புழங்கித் தேய்ந்த ரூபாயில் அதே படலம் வெறும் கருமைதான். எங்கள் பெட்டியில் அரை கிரவுனின் நடுவில் கத்திரிப்பூ, விளிம்பில் மயில்கழுத்து, ஷில்லிங்கிலும் அதே, பொட்டளவு ஒரு பென்னியில்கூட அதே இரண்டு நிறம், அதே ஓரம். ராஜா முகம் மேலே பார்க்க, மறுபக்கம் வெல்வெட்டில் கவிழ்ந்து கிடந்ததால் அடிப்பக்கம் எல்லாவற்றிலும் ஒரு சாயல் கூடுதல். ஏழும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று பார்த்தவுடன் தெரியும். எட்டாவது மட்டும் மொட்டை அடித்துக்கொண்டு வந்தது போல வெள்ளையாக நடுவில் உட்கார்ந்திருந்தது.

ஏன் அப்படி ஒன்றுபோல் வந்தன? ஒரே நாளில் ஒரே பெட்டிக்குள் போனவை. தோல் பதனிட்ட சரக்கு, அட்டை ஒட்டிய பசை, வெல்வெட்டின் சாயம் என்று அந்தப் பெட்டிக்கே உரிய மூச்சு ஒன்று உண்டு. மூடியைத் திறந்த நேரமும் எல்லாவற்றுக்கும் பொது. மியூசியக்காரர்களுக்கு இது அழகு இல்லை, தலைவலி. பிரிட்டிஷ் மியூசியத்தில் ஆண்ட்ரூ ஆடி 1970-களில் வகுத்த சோதனை ஒன்று உண்டு. காட்சிப் பெட்டிக்கு வாங்கும் துணியையும் பசையையும் வெள்ளி, செம்பு, ஈயத் தகடுகளோடு கண்ணாடிக் குழாயில் அடைத்து, கொஞ்சம் தண்ணீரும் வைத்து, 60 டிகிரி வெப்பத்தில் 28 நாள் விடுவார்கள். தகடு நிறம் மாறினால் அந்தத் துணி ஆகாது. பழைய சேகரிப்பாளர்கள் சோதனை இல்லாமலே கண்டுகொண்டிருந்தார்கள். காசு வைக்கும் அலமாரியை ஓக் மரத்தில் செய்யாதே, மஹோகனியில் செய் என்பது இங்கிலாந்தில் பழைய பாடம்; ஓக் அமிலம் கக்கும். அமெரிக்காவில் 1930-களில் வேய்ட் ரேமண்ட் விற்ற அட்டை ஆல்பங்களில் அட்டையிலிருந்த கந்தகம் ஓரத்திலிருந்து உள்ளே ஊர்ந்து, காசின் மேல் வளையம் வளையமாக வானவில் போட்டது. பாதுகாக்க வைத்த அட்டை அது. இன்று அந்த வளையத்துக்கே விலை.

இந்த ரசனையும் நேற்றைக்கு வந்ததுதான். நூறு வருடங்களுக்கு முன் அங்கேயும் தேய்க்கிற கைகள்தான் அதிகம். துணியால் துடைத்தார்கள், பொடி போட்டார்கள். பிறகு கரைசலில் முக்கி எடுத்தார்கள். முக்கினால் படலம் போகும், அதோடு வெள்ளியின் மேல்தோலும் கொஞ்சம் போகும். இரண்டு மூன்று தடவையில் கண்ணாடி குருடாகிவிடும். திருநீறு இன்னும் மோசம். சாணச் சாம்பலின் துகள் வெள்ளியைவிடக் கடினம். என் பத்து நிமிடத் தேய்ப்பில் ஃபுளோரினின் முகம் முழுக்க மயிரிழைக் கீறல்கள். நிறம் திரும்பி வரலாம், கீறல் போகாது.

*

மதராஸுக்கும் ப்ரூஃப் காசுக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு என்று பிறகு படித்தபோது, தங்கசாலைத் தெரு வழியாக நடக்கும் நடையே மாறிவிட்டது எனக்கு. 1869-ல் மூடப்படும்வரை கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் பிறகு அரசுக்கும் காசு அடித்த மின்ட் இருந்ததால்தான் அந்தத் தெருவுக்கு அந்தப் பெயர். ஆனால் மதராஸ் மாகாணத்தின் மிக அழகான செம்புக் காசுகள் அங்கே பிறக்கவில்லை. பர்மிங்காம் அருகே சோஹோவில் பிறந்தன.

ஜேம்ஸ் வாட்டின் கூட்டாளி மேத்யூ போல்டன் 1788-ல் சோஹோவில் நீராவி அச்சுக்கூடம் தொடங்கினார். வட்டம் பிசகாமல், எடை பிசகாமல், கள்ளக்காசுக்காரனால் நகலெடுக்க முடியாதபடி அடிக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். 1794-ல் வட சர்க்கார் பகுதிக்காக ரூபாயில் 48-ல் ஒரு பங்கும் 96-ல் ஒரு பங்கும் அங்கிருந்து வந்தன. 1803-ல் 20, 10, 5, 1 காசு. நம் ‘காசு’தான் போர்த்துக்கீசியர் வாய்வழியாக ஆங்கிலத்தில் ‘கேஷ்’ என்று ஆகி, செம்பில் பொறித்துத் திரும்ப வந்தது. 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன் என்று கணக்கு ஓடிய காலம். பெரிய காசுகளில் ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம், மறுபக்கம் பாரசீக எழுத்து. மயிலாப்பூரில் கீரை வாங்கியவளுக்கு இரண்டும் புரிந்திருக்காது.

இதே காசுகளில் போல்டன் ப்ரூஃபும் அடித்தார். சில தங்க முலாம் பூசியவை, சில வில்லைக்கு வெண்கலப் பொடி ஏற்றிச் சூடாக்கிச் சாக்லேட் நிறத்துக்குக் கொண்டுவந்தவை. கொடுக்கும்போது இறுகப் பொருந்தும் இரண்டு உலோக மூடிகளுக்குள் வைத்துக் கொடுப்பது சோஹோ வழக்கம். குங்குமச் சிமிழேதான்! அந்தச் சிமிழுக்குள் இருந்தவை இருநூறு வருடம் கழித்தும் நேற்று அடித்தது போல இருக்கின்றன. நான்கு மதிப்பையும் ஒரே பதத்துச் சாக்லேட் நிறத்தில் சேர்த்து வைத்திருப்பவர்களின் செட்டைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். அதிலும் ஒரு சிக்கல். சோஹோவின் அச்சுகள் 1850-ஐ ஒட்டி ஏலத்தில் போய், டெய்லர் என்ற அச்சு வேலைக்காரர் கைக்கு வந்து, அவற்றில் பலவற்றிலிருந்து அவர் சேகரிப்பாளர்களுக்காக மறுபடியும் அடித்து விற்றார். எது முதல் அடி, எது மறு அடி என்று பிரித்துச் சொல்ல 1960-ல் பெக் என்பவர் ஒரு பெரிய பட்டியலே போட வேண்டியிருந்தது. நம் பம்பாய் மின்ட்டும் பழைய அச்சுகளில் விக்டோரியா காலத்துக் காசுகளைக் கேட்பவர்களுக்கு அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. அப்படி வந்த செட் பார்க்க ஒன்றுபோல இருக்கும். ஒரே நாளில் அடித்தால் இருக்காதா? அந்த ஒற்றுமையில் காலம் இல்லை.

என்னிடம் இருக்கும் சோஹோ காசு 1808-ஆம் வருடத்துப் பத்துக் காசு. சென்னையில் ஒரு நாணயக் கண்காட்சியில் சொற்ப விலைக்கு வாங்கினேன். மதராஸுக்காக டன் கணக்கில் இந்தக் காசை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையிலேயே குட்வின் மணல்திட்டில் மோதி உடைந்தது. 1980-களில் முக்குளித்து எடுத்தபோது பத்து லட்சத்துக்கும் மேல் வெளியே வந்தன. என் காசின் முகத்தில் அம்மைத் தழும்பு. உப்பு தின்ற இடம். சிமிழில் இருந்த தம்பியும் கடலில் கிடந்த அண்ணனும் ஒரே அச்சுக்கூடத்துப் பிள்ளைகள்தாம். அடித்த கை ஒன்று, இருந்த இடம் வேறு. முகம் இருந்த இடத்தைத்தான் சொல்கிறது.

*

இதெல்லாம் தெரிந்த பிறகும் எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. அப்பா 1983-ல் போனார். பெட்டி என்னிடம் வந்தது. திறக்கும்போதெல்லாம் அந்த வெள்ளைக் காசு என்னைக் குத்தியது. வேறொரு 1911 ப்ரூஃப் ஃபுளோரினை நிறம் பார்த்து வாங்கி அந்தக் குழியில் வைத்துவிட்டால் என்ன?

பல வருடம் தேடினேன். கிடைத்தவை பெரும்பாலும் என்னுடையதைப் போலவே தேய்த்தவை. பிறகு ஒரு வெளியூர்க் கண்காட்சியில் ஒருவர் பட்டுத்துணியிலிருந்து ஒரு ஃபுளோரினை எடுத்து நீட்டினார். அப்படியே மயில்கழுத்து! அரை மாதச் சம்பளத்தைக் கொடுத்து வாங்கிவந்தேன். வீட்டில் வந்து பூதக்கண்ணாடியை வைத்ததும் வயிறு கலங்கியது. நீலத்துக்கும் வெள்ளைக்கும் நடுவில் கத்திரிப்பூ இல்லை, அரக்கு இல்லை, வெந்தயம் இல்லை. படிக்கட்டு இல்லாமல் மாடிக்கு ஏறிய நிறம். எழுத்துகளின் இடுக்கில், நிழல் விழுந்திருக்க வேண்டிய இடத்திலும் அதே கெட்டி நீலம், கீறலுக்குள்ளும் நீலம். முகர்ந்து பார்த்தேன். நான் பத்து வருடமாகப் பிள்ளைகளுக்குச் செய்துகாட்டிய கந்தகக் கரைசலின் வாடை லேசாக அடித்தது. வேதியியல் வாத்திச்சியையே வேதியியலால் ஏமாற்றியிருந்தார். திரும்பப் போய்க் கேட்க வெட்கமாக இருந்ததால் கேட்கவில்லை.

1998-ல் லண்டனில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு கடையின் கண்ணாடிப் பெட்டியில் எங்கள் பெட்டியைப் பார்த்தேன். அதே சிவப்புத் தோல், அதே எட்டுக் குழி, 1911. கடைக்காரக் கிழவர் நான் வாங்கப் போவதில்லை என்று தெரிந்தும் திறந்து காட்டினார். எட்டும் ஒன்றுபோல இருந்தன. ஆனால் வேறு ஒன்று! தேன் பொன், ஓரத்தில் இலைப்பச்சை. அந்த வரிசையில் நீலமே இல்லை. அதே வருடம், அதே மின்ட், அதே மாதிரிப் பெட்டி. குளிர்நாட்டில் வேறொரு வீட்டு அலமாரியில் வேறொரு காற்று. அதிலிருந்து ஃபுளோரினைப் பிடுங்கி எங்கள் பெட்டியில் வைத்தால், அங்கே ஒரு பொக்கை, இங்கே ஒரு அன்னியன். அன்றோடு என் தேடல் நின்றது.

தனித்தனியாக வாங்கி முப்பது வருடத்தில் நிறம் இசைந்த செட்டைக் கட்டி எழுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணுக்கும் பொறுமைக்கும் கும்பிடு போடுகிறேன். ஆனால் அது புடவைக்கு ஏற்ற ரவிக்கையைக் கடை கடையாக ஏறி எடுப்பது. பெட்டியோடு பிழைத்து வந்த செட் தறியிலேயே சேர்த்து நெய்த முந்தானை. தூரத்திலிருந்து இரண்டும் ஒன்று. கையில் எடுத்தால் தெரியும். 1980-களின் நடுவில் அமெரிக்காவில் தரம் பிரித்து எண் போட்டுப் பிளாஸ்டிக் உறையில் அடைக்கும் வழக்கம் வந்தபிறகு முந்தானைகளை வெட்டி வெட்டி விற்கிறார்கள். ஒவ்வொரு காசும் தனி உறை, தனி எண், தனி விலை. காலிப் பெட்டி தனியாக ஏலத்துக்கு வருகிறது. இரண்டு உலகப்போரைத் தாண்டிவந்த குடும்பம் ஒரு மதிப்பெண் பட்டியலில் பிரிந்துபோகிறது. என்னிடமும் ஒருவர் கேட்டார்: “அந்த ஃபுளோரின் இல்லாம ஏழை மட்டும் குடுத்தா நல்ல விலை தரேன்மா.” எட்டைவிட ஏழுக்கு விலை அதிகம்! கணக்கு சரிதான். காபி கொடுத்து அனுப்பிவைத்தேன்.

*

1985-லிருந்து ஒவ்வொரு தைப்பொங்கலன்றும், பொங்கல் இறக்கியபிறகு, வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் பெட்டியைத் திறக்கிறேன். கையுறையோடு விளிம்பைப் பிடித்து ஃபுளோரினை எடுத்து, ஒரு நோட்டில் நிறத்தை எழுதிவிட்டு மூடிவிடுவேன். வருடத்தில் அந்த ஒரு தரம்தான் திறப்பு. நாங்கள் கூவக்கரையை விட்டு எப்போதோ தாம்பரம் பக்கம் வந்துவிட்டோம், பீரோவும் மாறிவிட்டது. பெட்டிக்குள் இருக்கும் காற்றை மட்டும் மாற்றவில்லை.

1985: ‘வெள்ளை. விளிம்பில் மஞ்சளோ என்று சந்தேகம்.’ 1991: ‘சந்தேகமில்லை.’ 1997: ‘ஓரம் முழுக்க வைக்கோல்.’ 2004-ல் சுனாமி வந்து மூன்று வாரம்கூட ஆகாத 2005 பொங்கலுக்கு எதுவும் எழுதவில்லை. 2011-ல், செட்டுக்கு நூறு வயதானபோது: ‘ராஜா கன்னத்திலும் வைக்கோல். தரையில் வெந்தயம் எட்டிப்பார்க்கிறது.’ மற்ற ஏழுக்கும் அந்த நோட்டில் ஒரே சொல்தான் வருடா வருடம்: ‘அப்படியே.’

வெந்தயத்திலிருந்து மயில்கழுத்துக்கு இன்னும் எத்தனை பொங்கல் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் வயதைத் தாண்டிப் போகிறது. மகளின் வயதுக்குள் வரலாம். அவளுக்கு ஒரு காகிதத்தில் எழுதி மூடியின் பட்டுக்கு அடியில் செருகாமல் — காகிதமும் அமிலம் விடும் — பீரோ கதவில் ஒட்டியிருக்கிறேன்: பிரிக்காதே, தேய்க்காதே, உள்ளே எதையும் வைக்காதே.

இந்தப் பொங்கலுக்கு எழுதியது: ‘ஃபுளோரின்: முகம் முழுக்க வெந்தயம். 1911-க்குக் கீழே ஓரத்தில் அரக்கு தொடங்கிவிட்டது. சாய்த்துப் பார்த்தால் வட்டக் கீறல்கள் அப்படியே, நிறத்துக்கு அடியில்.’